என் தாத்தா பண்ணையாள், நான் எம்.ஏ. படிக்கிறேன்: இதை எந்தக் கோட்பாடு விளக்கும்?

வாசகியின் கேள்வி:

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். எனக்குத் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். கோம்த், ஸ்பென்சர், மார்க்ஸ், டர்கைம், வெபர், பார்சன்ஸ் என்று பாடத்தில் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருவர் சொன்னதையும் மனப்பாடம் செய்கிறேன். தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. என் தாத்தா ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். அப்பா தினக்கூலி. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். நான் எம்.ஏ. படிக்கிறேன். இவ்வளவு மாறியிருக்கிறது. ஆனால் தம்பி வாடகைக்கு வீடு தேடினால், ‘எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு’ என்று கேட்கிறார்கள். எங்கள் தெருவும் இன்னும் ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. வகுப்பில் ஓர் ஆசிரியர் மார்க்ஸ்தான் சரி என்கிறார். இன்னொருவர் பார்சன்ஸைப் படியுங்கள், சமூகம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்கிறார். எந்தக் கோட்பாடு சரி? எங்கள் குடும்பத்தின் கதையை எது விளக்கும்? பிற்பாடு ஆய்வு செய்ய வேண்டும் என்றும் ஆசை இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் தேர்வுக்கான கேள்வி ஒன்றும் குடும்பத்துக்கான கேள்வி ஒன்றும் சேர்ந்தே இருக்கின்றன. குடும்பத்துக்கான கேள்விக்குப் பதில் தேடினால், தேர்வுக்கான பாடமும் மனதில் தங்கும் என்பது என் நம்பிக்கை. அதனால் அந்த வழியிலேயே போகிறேன்.

‘எல்லாக் கோட்பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது’ என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. உங்கள் வீட்டுக் கதையைப் புரிந்துகொள்ள நான் மார்க்ஸில் தொடங்குவேன், வெபரோடு வெகுதூரம் போவேன், இருவரும் நின்றுவிடும் இடத்தில் அம்பேத்கரைக் கையில் எடுப்பேன். டர்கைம் ஓரிடத்தில் மிகவும் உதவுவார். கையேடுகள் பெரும்பாலும் விட்டுவிடுகிற இடம் அது. பார்சன்ஸால் உங்கள் தெருவைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. இவையெல்லாம் ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதில்.

அதற்கு முன்னால் ஒரு தகவல். இந்தப் பாடமெல்லாம் எங்கோ ஐரோப்பாவைப் பற்றியது என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஆனால் உங்கள் ஊர் அடங்கிய பழைய தஞ்சாவூர் மாவட்டம், இந்தியச் சமூகவியலில் மிகக் கவனமாக ஆராயப்பட்ட பகுதிகளில் ஒன்று. கேத்லீன் கஃப் என்ற மானிடவியலாளர் 1951 முதல் 1953 வரை இங்கே இரண்டு கிராமங்களில் ஆய்வு செய்தார். 1976-ல் திரும்ப வந்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தார். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேல் 1960களின் தொடக்கத்தில் ஒரு காவிரிக்கரைக் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்து, அந்த ஊருக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் வைத்து 1965-ல் நூலாக வெளியிட்டார். கஃப் மார்க்சிய வழியில் பார்த்தவர். பெத்தேல் வெபர் வழியில் பார்த்தவர். ஒரே நெல்வயலை இரண்டு கோட்பாடுகள் எப்படிப் பார்த்தன என்பதற்கு உங்கள் கையெட்டும் தூரத்திலேயே சான்று இருக்கிறது.

பாடத்தில் முதலில் வரும் கோம்த்தையும் ஸ்பென்சரையும் சீக்கிரம் கடந்துவிடலாம். மனித அறிவு இறையியல், மெய்யியல், அறிவியல் என்று மூன்று கட்டங்களில் ஏறுகிறது என்றார் கோம்த். எளிய சமூகங்கள் படிப்படியாகச் சிக்கலான சமூகங்களாக வளர்கின்றன என்றார் ஸ்பென்சர். இருவருக்கும் மாற்றம் என்பது எல்லாச் சமூகமும் ஏறியாக வேண்டிய ஒரே படிக்கட்டு. 1960-ல் ரோஸ்டோவ் என்ற பொருளாதார அறிஞர் சொன்ன பொருளாதார வளர்ச்சிக் கட்டங்களும் அதே சிந்தனையின் பேரப்பிள்ளைதான். உங்கள் தம்பியின் அனுபவமே இதற்குப் பதில். பனியன் கம்பெனியில் நவீன இயந்திரத்தில் வேலை செய்கிறார், கைபேசியில் சம்பளம் வருகிறது, வாசலில் நின்றால் தெருப் பெயர் கேட்கிறார்கள். ஒரே மனிதரின் ஒரே நாளில் இரண்டும் நடக்கின்றன.

சரி, மார்க்ஸுக்கு வருவோம். அவர் கேட்கச் சொல்லும் கேள்வி எளிமையானது: நிலம் யாருடையது, உழைப்பது யார், களத்துமேட்டிலிருந்து நெல் யார் வீட்டுக்குப் போகிறது? உங்கள் தாத்தா காலத்தில் இந்த மூன்றுக்கும் ஊரில் எல்லோருக்கும் பதில் தெரியும். பண்ணையாள் என்றால் வெறும் கூலியாள் இல்லை. குடும்பத்தோடு ஒரு மிராசுதாருக்குக் கட்டுப்பட்டவர். கூலி நெல்லாக வரும். கடன் தலைமுறை தாண்டும். குடிசை நிற்கும் மண்ணும் மிராசுதாருடையதாகவே இருக்கும். எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போய்விடும். சவுக்கடி, சாணிப்பால் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) என்ற சொற்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் முன்னின்று கட்டிய விவசாயிகள் சங்கம் முதலில் எதிர்த்துப் போராடியவற்றில் இந்தத் தண்டனைகளும் இருந்தன.

மார்க்ஸின் பலம், இது ஏன் மாறியது என்பதற்குச் சில மனிதர்களின் நல்ல மனதைக் காரணமாகச் சொல்லாமல், உறவுகளில் இருந்த முரண்பாட்டைத் தேடச் சொல்வதுதான். கீழத் தஞ்சையில் பெரிய பண்ணைகள் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் நிலமே இல்லாத உழைப்பாளிகள் மிகப் பெரிய எண்ணிக்கையில், பெரும்பாலும் ஒரே தெருவாக வாழ்ந்தார்கள். நடவும் அறுப்பும் சில வாரங்களுக்குள் நடந்தாக வேண்டும். அந்த வாரங்களில் வேலையை நிறுத்தினால் மிராசுதாருக்குத்தான் நெருக்கடி. செங்கொடி மேற்கைவிடக் கிழக்கில் வேகமாகப் பரவியதற்கு இந்த அமைப்பு ஒரு பெரிய காரணம். கஃப் எடுத்துக்கொண்ட இரண்டு கிராமங்களில் ஒன்று மேற்கே, மற்றது கிழக்கே இருந்ததால் இந்த வேறுபாட்டை அவரால் நன்றாகக் காட்ட முடிந்தது.

1968 டிசம்பர் 25 இரவு கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணி கிராமத்தில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாகச் சற்றுக் கூடுதல் நெல் கேட்டதும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும்தான் அதன் பின்னணி. மோதல் கோட்பாடு என்ற அத்தியாயத்தைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட நெல்லின் அளவுக்கும் நடந்த கொடுமைக்கும் சம்பந்தமே இல்லை. நெல்லோடு, யார் முன்னால் யார் நிமிர்ந்து நிற்கலாம் என்பதும் அங்கே பிரச்சினையாக இருந்தது. இந்த இடத்தில் மார்க்ஸ் மட்டும் போதவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அரசு இறங்கி வந்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர்களுக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்பு மனைகளுக்கான சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்த உழைப்பாளிகளுக்கு அந்த மனையே சொந்தமாகும் என்றது இந்த இரண்டாவது சட்டம். பாடப்புத்தகங்கள் நில உச்சவரம்பைப் பற்றி நிறையப் பேசும், இதைப் பற்றி அதிகம் பேசாது. என் கணிப்பில் உங்கள் பகுதியின் சமூக மாற்றத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டிலிருந்து விரட்ட முடியாது என்று ஆன பிறகு கூலி பேசுகிற குரலே வேறு.

உங்கள் தாத்தா பண்ணையாளாக இருந்தார், அப்பா தினக்கூலியானார் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்குள் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே 1952-ல் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது நீக்கக் கூடாது, இவ்வளவு கூலி தர வேண்டும் என்றது அது. விளைவு என்ன? பண்ணையாள் என்று ஒருவரை வைத்திருந்தால்தானே இந்தப் பொறுப்பெல்லாம் என்று பல மிராசுதார்கள் அந்த உறவையே கைவிட்டு, தினக்கூலிக்கு ஆள் வைக்கத் தொடங்கினார்கள். பாதுகாக்க வந்த சட்டம், பாதுகாக்க நினைத்த உறவையே கரைத்துவிட்டது. பழைய கட்டு அறுந்தது, கூடவே வருடம் முழுவதும் வேலை என்ற உறுதியும் போனது. உங்கள் குடும்பத்தில் இப்படித்தான் நடந்ததா என்று வீட்டில்தான் கேட்க வேண்டும். ஆனால் ‘நோக்கத்தோடு செய்த செயலின் எதிர்பாராத விளைவுகள்’ என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1936-ல் எழுதியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் வகுப்பில் சொன்னதில்லை.

மெர்ட்டன் வந்துவிட்டதால் பார்சன்ஸையும் இங்கேயே முடித்துவிடலாம். சமூகம் என்பது ஒன்றையொன்று தாங்கும் பகுதிகளால் ஆன அமைப்பு, ஒவ்வொரு நிறுவனமும் ஏதோ ஒரு தேவையை நிறைவேற்றுகிறது, ஓரிடத்தில் அழுத்தம் வந்தால் மற்ற இடங்கள் இடம்கொடுத்து மீண்டும் சமநிலை வருகிறது. இதுதான் 1951-ல் வெளிவந்த அவருடைய முக்கிய நூலின் மையம். குடும்பம், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றைப் புரிந்துகொள்ள இந்தப் பார்வை உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் பண்ணையாள் முறை எந்தத் தேவையை நிறைவேற்றியது என்று கேட்டால், அடுத்த கேள்வி உடனே வர வேண்டும்: யாருடைய தேவையை? பார்சன்ஸ் அந்த இரண்டாவது கேள்வியை அழுத்திக் கேட்பதில்லை. மெர்ட்டன் கேட்டார். ஒரு பிரிவுக்கு நன்மையாக இருப்பது இன்னொரு பிரிவுக்குக் கேடாக இருக்கலாம் என்று, செயல்பாட்டுவாதம் எனப்படும் இதே பார்வைக்குள்ளேயே நின்று சொன்னார். உங்கள் ஆசிரியர் பார்சன்ஸைப் படிக்கச் சொன்னால் படியுங்கள், கூடவே மெர்ட்டனைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ‘சமூகம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்’ என்ற வாக்கியத்தை மட்டும் விடைத்தாளில் அப்படியே எழுதாதீர்கள். டெல்டாவில் எதுவும் தானாகச் சரியாகவில்லை. ஆட்கள் அதற்காகச் சிறைக்குப் போனார்கள், செத்துப்போனார்கள்.

டர்கைமை எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுக்கிறார்கள். கிராமத்தில் எல்லோரும் ஒரே மாதிரி, அதனால் எந்திர ஒருமைப்பாடு. நகரத்தில் ஆளுக்கொரு வேலை, ஒருவரை ஒருவர் சார்ந்திருக்கிறார்கள், அதனால் உயிரி ஒருமைப்பாடு. இதை உங்கள் ஊரோடு பொருத்திப் பாருங்கள், ஒட்டாது. பழைய டெல்டா கிராமத்தில் உழுபவர், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான் என்று வேலைப் பிரிவினை மிக நுணுக்கமாகவே இருந்தது. எல்லோரும் ஒருவரை ஒருவர் சார்ந்தும் இருந்தார்கள். அப்படியென்றால் அங்கே ஒருமைப்பாடு இருந்ததா?

1893-ல் வெளிவந்த வேலைப் பிரிவினை பற்றிய நூலின் கடைசிப் பகுதியில் டர்கைமே இதற்குப் பதில் சொல்கிறார். வேலைப் பிரிவினை ஒருமைப்பாட்டைத் தர வேண்டுமானால், ஒவ்வொருவரும் தன் இயல்பான திறமைக்கேற்ற வேலைக்குத் தடையில்லாமல் போக முடிய வேண்டும். பிறப்பாலோ வலுக்கட்டாயத்தாலோ வேலை திணிக்கப்பட்டால் அது திணிக்கப்பட்ட வேலைப் பிரிவினை, அது பகையைத்தான் வளர்க்கும். அதைப் பேசும்போது சாதியையும் வகுப்பையும் (அதாவது வர்க்கத்தையும்) அவரே குறிப்பிடுகிறார். ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறார்: இரு தரப்பும் சமமான நிலையில் இல்லாவிட்டால், சம்மதித்தார்கள் என்பதால் மட்டும் அந்த ஒப்பந்தம் நியாயமாகிவிடாது. ‘பண்ணையாட்களும் சம்மதித்துத்தானே வேலை செய்தார்கள்’ என்று யாராவது வாதாடினால், மார்க்ஸ் வரை போக வேண்டாம், டர்கைமே போதும்.

‘அந்தக் காலத்துல ஊரே ஒத்துமையா இருந்துச்சு’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. எந்தத் தெருவில் இருந்தவர் என்பதை மட்டும் குறிப்பேட்டில் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சமூகவியல் பயிற்சியில் இதற்கு ஈடான பழக்கம் குறைவு.

இப்போது வெபர். உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமாக வருபவர் இவர் என்பேன். மனிதர்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு ஒரே அச்சில் ஓடுவதில்லை என்றார் அவர். சந்தையில் உங்களிடம் என்ன இருக்கிறது, அதற்கு என்ன விலை கிடைக்கும் என்பது வகுப்பு. மற்றவர்கள் உங்களை எவ்வளவு மதிக்கிறார்கள், யாரோடு சாப்பிடுகிறார்கள், யாருக்குப் பெண் கொடுக்கிறார்கள் என்பது அந்தஸ்து. முடிவுகளை உங்கள் பக்கம் திருப்ப அமைப்பாகத் திரள்வது கட்சி, அதாவது அதிகாரம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம், தனித்தனியாகவும் போகலாம்.

பெத்தேல் இதைத்தான் ஸ்ரீபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று ஊர் மூன்றாகப் பிரிந்திருந்தது. பழைய காலத்தில் நிலமும் மரியாதையும் அதிகாரமும் பெருமளவுக்கு அக்கிரகாரத்திலேயே சேர்ந்திருந்தன. அவர் போன காலத்தில் அந்தச் சேர்க்கை கழன்றுகொண்டிருந்தது. பிராமணக் குடும்பங்கள் படிப்பையும் உத்தியோகத்தையும் தேடி நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன, நிலம் கைமாறியது. எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபின் எண்ணிக்கை அதிகாரமானது, ஊராட்சி குடியானவர் தெருவின் கைக்குப் போனது. அந்தஸ்து மட்டும் அவ்வளவு வேகமாக நகரவில்லை.

இந்த ஆய்வின் எல்லையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெத்தேல் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் மற்ற தெருக்களுக்கு, முக்கியமாகச் சேரிக்கு, இயல்பாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அதன் பொருள், ஸ்ரீபுரத்தின் மூன்றாவது தெருவிலிருந்து பார்த்தால் ஊர் எப்படித் தெரியும் என்பது அந்த நூலில் குறைவாகவே இருக்கிறது என்பதுதான். நீங்கள் பிறந்ததே அந்தத் தெருவில். உங்கள் ஆய்வுக்கு இடம் இருக்கிறதா என்ற சந்தேகமே வேண்டாம்.

வெபரின் மூன்று அச்சுகளில் உங்கள் குடும்பத்தை வைத்துப் பாருங்கள். வகுப்பில் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது: கட்டுண்ட உழைப்பு தினக்கூலியாகி, பிறகு ஆலைக்கூலியாகி, உங்களிடம் படிப்பாகியிருக்கிறது. அதிகாரத்தில் பாதி மாற்றம்: ஓட்டு இருக்கிறது, தனித் தொகுதி இருக்கிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு இருந்த மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்த 2016-ல் சட்டம் வந்தது. அதே தமிழ்நாட்டில்தான் பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்களை நாற்காலியில் உட்கார விடாத, தேசியக் கொடி ஏற்ற விடாத செய்திகளும் வந்திருக்கின்றன. அந்தஸ்தில் மாற்றம் மிகக் குறைவு, அதைத்தான் உங்கள் தம்பி ஒவ்வொரு வாடகை வீட்டு வாசலிலும் பார்க்கிறார். ‘மாறியிருக்கிறதா, மாறவில்லையா’ என்று நீங்கள் குழம்புவதற்குக் காரணம், மூன்று வேகத்தில் நடப்பதை ஒரே சொல்லில் கேட்பதுதான்.

மார்க்ஸ் இதை எப்படி எதிர்பார்த்தார் என்று பாருங்கள். 1853 ஏப்ரலில் பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு நியூயார்க் நாளிதழில் எழுதிய கட்டுரையில், ரயில் கொண்டுவரும் நவீனத் தொழில், சாதிக்கு அடிப்படையான பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்றார். பரம்பரை வேலை பல இடங்களில் கரைந்தது உண்மை, உங்கள் தம்பியே சாட்சி. சாதி கூடவே கரையவில்லை. அப்படியானால் சாதி நின்றுகொண்டிருப்பது வேலைப் பிரிவினையின் மேல் மட்டுமல்ல, வேறொன்றின் மேலும் என்றுதானே ஆகிறது?

அந்த வேறொன்றை அம்பேத்கர் 1916-லேயே சொல்லிவிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் இந்தியச் சாதிகளின் தோற்றத்தைப் பற்றி அவர் படித்த கட்டுரை அது. அப்போது அவருக்கு 25 வயது. சாதியின் சாரம் அகமணம் என்றார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் செய்துகொண்டு தன்னை மூடிக்கொள்ள வேண்டுமானால் பெண்களைக் கட்டுக்குள் வைத்தாக வேண்டும். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை அதற்காக வந்த ஏற்பாடுகள் என்று விளக்கினார். பிறகு 1936-ல் அச்சிட்ட உரையில் இன்னொன்றையும் சேர்த்தார்: சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிப் பிரிக்கிறது. அடுக்கில் எல்லோருக்கும் கீழே ஒருவர் இருப்பதால், அதை உடைக்க எல்லோரும் சேர்ந்து வருவதில்லை. டெல்டாவில் சிறு குத்தகைதாரரும் நிலமற்ற கூலியாளும் பல சமயங்களில் ஓரணியில் நிற்காததற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. வகுப்பு நலனை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் சேர்ந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். நீங்கள் வரிசைப்படுத்திய மாற்றங்களில் வேலை இருக்கிறது, ஊர் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. திருமணம் இல்லை. வீட்டுக்காரர் தெருப் பெயர் கேட்பதற்கும், தெரு ஊருக்கு வெளியே நிற்பதற்கும், மாறாமல் இருக்கும் அந்த ஒன்றோடு நேரடித் தொடர்பு உண்டு என்பது என் கருத்து. ஐரோப்பிய முன்னோடிகள் யாரும் இந்தக் கதவை அம்பேத்கர் திறந்த அளவுக்குத் திறக்கவில்லை. பெண்களைச் சமூகக் கோட்பாட்டின் மையத்துக்குக் கொண்டுவந்த விதத்திலும் அவர் அவர்களைவிட முன்னால் நிற்கிறார். உங்கள் பாடத்திட்டத்தில் அம்பேத்கர் ‘சீர்திருத்தவாதிகள்’ பகுதியில் இருந்தால், நீங்கள் அவரைக் கோட்பாட்டாளர்கள் பகுதிக்கு மாற்றிப் படியுங்கள்.

இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘சமஸ்கிருதமயமாக்கம்’ என்ற கருத்து இந்திய சமூக மாற்றம் என்றாலே எழுதப்படுகிற முதல் வரியாகிவிட்டது. கீழ்நிலையில் வைக்கப்பட்ட ஒரு சாதி, மேல்சாதியின் உணவு, சடங்கு, பழக்கங்களை எடுத்துக்கொண்டு ஓரிரு தலைமுறைகளில் மேலே நகர முயல்வதை 1952-ல் குடகு பற்றிய நூலில் விவரித்தார். நடுவில் இருந்த பல சாதிகளுக்கு இது நடந்திருக்கிறது. தீண்டாமைக் கோட்டைத் தாண்டுவது இந்த வழியில் இயலாது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். உங்கள் தெரு மாறியது யாரையும் பார்த்து நடந்ததால் இல்லை. சங்கம், சுயமரியாதைப் பிரச்சாரம், சட்டம், பள்ளிக்கூடம், ஊரைவிட்டு வெளியேறியது ஆகியவற்றால் மாறியது. அவர் தந்த ‘ஆதிக்கச் சாதி’ என்ற கருத்து இதைவிடப் பயன்படும். நிலமும் எண்ணிக்கையும் அதிகாரமும் ஒரே சாதியிடம் சேரும்போது ஊரில் என்ன நடக்கிறது என்று பார்க்க அது உதவும்.

இனி தேர்வும் ஆய்வும். கோட்பாட்டாளர்களைப் பெயர் வரிசையில் மனப்பாடம் செய்வதை நிறுத்துங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் கேட்ட கேள்வியை ஒரே வாக்கியத்தில் உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். அப்புறம் அந்தக் கேள்விக்கு உங்கள் ஊரிலிருந்து ஒரு பதிலும், அவர் பார்வைக்கு எட்டாத ஒன்றும் எழுதுங்கள். பத்து மதிப்பெண் விடைக்கு அதுவே நல்ல வடிவம். விடைத்தாள் திருத்தும் எங்களுக்கு, கையேட்டு வாக்கியத்தையும் யோசித்து எழுதிய வாக்கியத்தையும் பிரித்தறிய அதிக நேரம் ஆகாது. உங்கள் இரண்டு ஆசிரியர்களையும் எதிரெதிராக வைக்கத் தேவையில்லை. பண்ணையாள் சட்டத்தின் கதையை இருவரிடமும் சொல்லி, இதை எப்படி விளக்குவீர்கள் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர்கள் என்றால் அந்தக் கேள்விக்கு மகிழ்வார்கள்.

படிக்கும் வரிசை: முதலில் பெத்தேலின் ஸ்ரீபுரம் நூல், அடுத்து அம்பேத்கரின் 1916 கட்டுரை, அது சிறியதுதான், ஒரே மாலையில் முடித்துவிடலாம். அதன்பிறகு வெபரின் வகுப்பு, அந்தஸ்து, கட்சி பற்றிய பகுதி. கஃபின் இரண்டு நூல்களும் பெரியவை, ஆய்வுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கு நான் சொல்லும் தலைப்பு குடியிருப்பு மனை. உங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு மனையும் யாருடைய நிலமாக இருந்தது, பட்டா எந்த ஆண்டு யார் பெயரில் வந்தது, அதற்கு முன்னும் பின்னும் கூலிப் பேச்சு எப்படி நடந்தது, பட்டா பெண்கள் பெயரில் இருக்கிறதா, பிள்ளைகள் எந்த வகுப்பு வரை படித்தார்கள் என்று வீடு வீடாகக் கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் பார்க்க எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள், தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நடவு வேலைக்குப் போன பாட்டிமார்களிடம் முதலில் பேசுங்கள், ஆண்களிடம் அடுத்தபடியாகப் பேசலாம். பேசுவதற்கு முன் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள், சொந்தத் தெருவாக இருந்தாலும் சரி. ஒரு இருபது வீடுகள் முடிந்ததும் குறிப்புகளை எனக்கு அனுப்பிவையுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் சமூகவியல் ஆலோசகர்